மெய்யும் போலியும்

தமிழிலக்கணம் பயின்ற மாணவர்கள் 'போலி' என்னும் சொல்லை நன்கறிவர். ஒரு சொல்லில் ஓர் எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் வேறோர் எழுத்து வந்து நின்றும் பொருள் மாறாதிருப்பது போலி எனப்படும். 'மயல்' என்பது 'மையல்' என வருதல் முதற்போலி. 'அமச்சு' என்பது 'அமைச்சு' என வருதல் இடைப்போலி. 'நிலம்' என்பது 'நிலன்' என வருதல் கடைப்போலி. இப்போலிகளால் மொழிக்குக் கேடு யாதும் இல்லை. நிலம் என்றாலும் நிலன் என்றாலும் உழவன் உழுவது ஒரே மண்ணைத்தான்.

அறிவுத்துறையில் தோன்றும் போலியோ இத்தகையதன்று. அங்கே மெய் நிற்க வேண்டிய இடத்தில் போலி வந்து நிற்குமாயின் பொருள் அடியோடு மாறிவிடும். மருந்து நிற்க வேண்டிய இடத்தில் மருந்துபோல்வது ஒன்று நின்றால் நோயாளன் உயிர் போகும். சான்று நிற்க வேண்டிய இடத்தில் சான்றுபோல்வது ஒன்று நின்றால் அறிவு போகும். ஆதலின், நிறம் ஒத்திருத்தல் கண்டு பித்தளையைப் பொன் என்று கொள்ளாது, உரைகல்லில் உரைத்துப் பார்க்கும் பொற்கொல்லனைப் போல, கேட்ட செய்திகளை உரைத்துப் பார்க்கும் திறம் மாணவர் ஒவ்வொருவர்க்கும் வேண்டும். அவ்வுரைகல் யாது, அதனைக் கையாளும் முறை யாது என்பவற்றை இப்பாடத்திற் காண்போம்.

முதலிற் போலி அறிவியல் என்பது யாது எனத் தெளிதல் நன்று. அறியாமை வேறு, போலி அறிவியல் வேறு. ஒன்றை அறியாதவன் 'அறியேன்' என்கிறான், அவனுக்குக் கற்பிக்கலாம். பிழை வேறு, போலி அறிவியல் வேறு. அறிவியலறிஞரும் பிழை செய்வர். சுட்டியவிடத்துத் திருத்திக் கொள்வர். இறைவழிபாடும் போலி அறிவியல் ஆகாது. வழிபடுவோர் தம் வழிபாட்டை ஆய்வுக்கூடத்திற் கண்ட முடிபு என்று கூறுவதில்லை. 'மின்காந்தம்', 'ஈர்ப்பு விசை', 'அதிர்வு', 'கதிர்வீச்சு' என்னும் அறிவியற் சொற்களை அணியாகப் பூண்டு, அறிவியலுக்கு உரிய மதிப்பையும் வேண்டி நின்று, அறிவியலுக்கு உரிய சோதனைக்கு மட்டும் உடன்படாது நழுவுவது எதுவோ, அதுவே போலி அறிவியல் என்க.

மெய்யையும் போலியையும் பிரித்தறியும் முயற்சி நமக்குப் புதியதன்று. சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையில், காஞ்சி மாநகரில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அறம் உரைக்கப் புகுமுன் அளவை நூலையே கற்பிக்கின்றார். ஒருவர் நாட்ட விரும்பும் கருத்துப் 'பக்கம்' எனப்படும். அதற்கு அவர் காட்டும் காரணம் 'ஏது' எனப்படும். அதனை விளக்கும் எடுத்துக்காட்டுத் 'திட்டாந்தம்' எனப்படும். இம்மூன்றும் குற்றமற்றனவாய் அமைந்தாலன்றி முடிபு நிலைபெறாது. இவை மூன்றிற்கும் மூவகைப் போலிகள் உண்டென்றும், அவை பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்றும் அந்நூல் வகுத்துக் காட்டுகின்றது. அறத்தைக் கேட்பதற்கு முன்னரே போலியை அறிதல் வேண்டும் என்று நம் முன்னோர் கருதினர் என்பதை எண்ணி மகிழ்தல் தகும்.

தொலைவில் உள்ள மலையிற் புகை எழக் கண்டு, அங்கே நெருப்பு உண்டு என்று துணிகின்றோம். அடுக்களையில் நெருப்பின்றிப் புகை எழுந்ததில்லை என்பது நாம் கண்டறிந்த செய்தி. ஆயின், மலையிற் கண்டது புகைதானா, அன்றி மார்கழி மாதத்துப் பனிமூட்டமா என்று வினவாது துணிந்தால் என்னாகும்? ஏது பிழைபட்டது; முடிபும் பிழைபட்டது. போலி அறிவியலில் பெரும்பகுதி இவ்வாறு பனியைப் புகையென்று காட்டுவதேயாம்.

இனி, ஒரு வகுப்பறையில் இங்ஙனம் ஓர் உரையாடல் நிகழ்வதாகக் கொள்வோம்.

மாணவன்: ஐயா, கிரகணம் பிடிக்கும்போது உலக்கை தானே நிற்குமாம். கிரகணம் விட்டவுடன் விழுந்துவிடுமாம். ஞாயிறும் திங்களும் ஒரே நேரில் நின்று இழுப்பதால் ஈர்ப்பு விசை மாறுகிறது என்று காரணம் கூறுகிறார்கள். எங்கள் பாட்டி தாம்பாளத்தில் நீர் ஊற்றி, அதில் உலக்கையை நிறுத்திக் காட்டினார்கள். நானே என் கண்ணாற் கண்டேன்.

(மற்றை மாணவர் சிலர் நகைக்கின்றனர்.)

ஆசிரியர்: நகைத்தல் வேண்டா. இவன் கண்டது பொய்யன்று. உலக்கை நின்றது மெய்யே. நின்றதற்குக் கூறிய காரணம் ஒன்றே ஆராயத்தக்கது. தம்பி, கிரகணம் இல்லாத நாளில் உலக்கையை நிறுத்திப் பார்த்தீர்களா?

மாணவன்: இல்லை, ஐயா. பார்க்கவில்லை.

ஆசிரியர்: அதனைச் செய்தபின் பேசுவோம். பள்ளிச் சமையற்கூடத்தில் உலக்கை இருக்கிறது, எடுத்து வா. இன்று கிரகணமும் இல்லை, அமாவாசையும் இல்லை.

மாணவன் உலக்கையைக் கொணர்ந்து, சமதரையில் பூண் படுமாறு நட்டு, இரு கைகளாலும் மெல்லப் பிடித்து, அசைவு நின்றபின் கையை விடுகின்றான். முதன்முறை சாய்கின்றது. பொறுமையோடு முயன்றபின் உலக்கை நிற்கின்றது! அதன் அடிப்பகுதி தட்டையாய் இருத்தலாலும், ஈர்ப்பு மையம் அவ்வடிப்பரப்பிற்கு நேர்மேலே அமைதலாலும் அது நிற்கின்றது. அடி தேய்ந்து உருண்ட உலக்கையாயின் கிரகணத்தன்றும் நில்லாது.

ஏனைய நாள்களில் உலக்கையை நட்டுப் பார்ப்பார் எவரும் இலர். கிரகணத்தன்று மட்டும் நட்டுப் பார்க்கின்றனர். அன்று நிற்பதைக் கண்டு கிரகணத்தின் செயல் என்கின்றனர். மேலும், ஒவ்வோர் அமாவாசையிலும் ஞாயிறும் திங்களும் ஏறக்குறைய ஒரே திசையிலிருந்தே பூமியை ஈர்க்கின்றன. அதனாற் கடலில் ஓதம் உயர்கின்றதேயன்றி, அடுக்களையில் உள்ள உலக்கை எழுந்து நிற்பதில்லை. 2019 டிசம்பர் 26-ஆம் நாள் கோயம்புத்தூர், திண்டுக்கல் முதலிய ஊர்களில் கதிரவன் வளையம் போலத் தோன்றியதே, அத்தகைய அரிய கிரகணத்திற்கும் இஃது ஒக்கும்.

இங்கே மற்றொன்றும் கருதத்தக்கது. கிரகணத்தின்போது ஞாயிற்றை வெறுங்கண்ணால் நோக்கலாகாது என்று பெரியோர் கூறுவது முற்றிலும் உண்மை. நோக்கினால் விழித்திரை புண்படும். சமைத்த உணவு நஞ்சாகும் என்பதோ உண்மையன்று. ஒரே வாயிலிருந்து வந்த இரு செய்திகளுள் ஒன்று மெய், மற்றொன்று போலி. ஆதலின் சொன்னவர் யார் என்பதைக் கொண்டு முழுவதும் ஏற்றலும் தவறு. முழுவதும் தள்ளுதலும் தவறு. ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியே உரைத்துப் பார்த்தலே முறை.

உலக்கை நின்றால் என்ன, விழுந்தால் என்ன, அதனால் யாருக்கு என்ன கேடு என்று சிலர் வினவலாம். கேடு விளையும் இடமும் உண்டு. அதனை இனிக் காண்போம்.

பாம்பு கடித்தவுடன் மந்திரிப்பவரிடம் ஓடுவோர் இன்றும் உளர். அவர் வேப்பிலையால் மந்திரிப்பார். அல்லது 'விடக்கல்' என ஒன்றைக் கடிவாயில் வைத்து, அது நஞ்சை உறிஞ்சிவிடும் என்பார். "இவர் கைபட்டுப் பிழைத்தவர் பலர்" என்று ஊரார் சான்று கூறுவர். அவர் கூறுவதும் பொய்யன்று, பலர் பிழைத்திருப்பர். பிழைத்தது எதனால் என்பதே வினா.

நம் நாட்டிற் காணப்படும் பாம்புகளுள் பெரும்பாலானவை மனிதரைக் கொல்லும் நஞ்சற்றவை. சாரை, தண்ணீர்ப்பாம்பு முதலியன அத்தகையன. கடித்தவனைச் சுடலையில் எரிக்கும் புகையைக் காண மரமேறும் என்று பழி சுமத்தப்பட்ட கொம்பேறி மூக்கனும் நஞ்சற்றதே. நஞ்சுள்ள பாம்பும் சிலபோது நஞ்சைச் செலுத்தாமலே கடித்து விடுவது உண்டு. ஒரு கணக்கினைக் கற்பனையாகப் போட்டுப் பார்ப்போம். பாம்பு கடித்த 10 பேர் மந்திரிப்பவரிடம் வருகின்றனர். அவர்களுள் 7 பேரைக் கடித்தவை நஞ்சற்ற பாம்புகள், அல்லது நஞ்சு செலுத்தாதவை. அவ்வெழுவரும் ஒன்றும் செய்யாவிடினும் பிழைப்பர். மந்திரிப்பவர் ஒன்றும் செய்யாமலே எழுவரைக் காத்தவர் ஆகின்றார். எஞ்சிய மூவர் இறந்தால், "விதி முடிந்தது, காலந்தாழ்த்திக் கொணர்ந்தீர்" என்று கூறிவிடுகின்றார். பிழைத்தோர் ஊரெங்கும் பேசுவர், இறந்தோர் பேசுவதில்லை. ஆதலின் புகழ் வளர்கின்றது. வென்ற கணக்கை மட்டும் எண்ணித் தோற்ற கணக்கை மறைத்தல் போலி அறிவியலின் முதன்மையான உத்தி.

2000-ஆம் ஆண்டு முதல் 2019-ஆம் ஆண்டு வரையுள்ள 20 ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் மக்கள் பாம்புக்கடியால் மாண்டனர் என்று 2020-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. சராசரியாக ஆண்டொன்றுக்கு 58,000 உயிர்கள்! இவர்களுட் பெரும்பாலோர் சிற்றூர்களில் வாழ்ந்தவர். நஞ்சு உடலினுட் பரவிய பின் தோலின்மேல் வைத்த கல் அதனை ஈர்த்தல் இயலாது. நஞ்சுமுறி மருந்தே அதனை முறிக்க வல்லது. அம்மருந்து செய்யப்படும் வகையைக் கேண்மின். பாம்பின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரையின் உடலிற் செலுத்துவர். குதிரையின் குருதியில் அந்நஞ்சை எதிர்க்கும் பொருள் உண்டாகும். அதனைப் பிரித்துத் தூய்மை செய்து மருந்தாக்குவர். நம் நாட்டில் வழங்கும் மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கின் நஞ்சையும் முறிப்பது. ஆதலின், பாம்பு கடித்தவரை அச்சமின்றி ஆற்றி, கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, கீறாமலும் உறிஞ்சாமலும் இறுக்கிக் கட்டாமலும், அம்மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைந்து கொண்டு செல்லுதலே செய்யத்தக்கது. மந்திரத்திற் கழியும் ஒவ்வொரு நாழிகையும் உயிரைக் குறைக்கும் நாழிகை.

போலி அறிவியலைப் பரப்புவோர் அனைவரும் வஞ்சகர் என்று எண்ணிவிடலாகாது. நேர்மையுள்ளவரும் தம்மைத் தாமே ஏமாற்றிக் கொள்வதுண்டு. ஜெர்மனி நாட்டில் நிகழ்ந்த ஒரு செய்தி இதனை விளக்கும்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்னும் ஓய்வுபெற்ற கணக்காசிரியர் ஹான்ஸ் என்னும் குதிரை ஒன்றை வளர்த்தார். மூன்றும் நான்கும் எத்துணை என்று கேட்டால், அது குளம்பால் ஏழு முறை தரையைத் தட்டும். மக்கள் வியந்தனர். 1904-ஆம் ஆண்டில் ஒரு குழுவினர் வந்து பார்த்து, சூழ்ச்சி யாதும் இல்லை என்றனர். பின்னர் ஆஸ்கர் புங்ஸ்ட் என்னும் ஆராய்ச்சியாளர் ஓர் எளிய மாறுதலைச் செய்தார். விடை இன்னதென்று வினவுவோரே அறியாதவாறு அமைத்தார். குதிரை வினவுவோரைக் காணாதவாறும் செய்தார். அவ்வளவே! குதிரையின் கணக்கறிவு மறைந்துவிட்டது. சரியான எண்ணைக் குளம்பு எட்டியவுடன், வினவியவர் தம்மையறியாமலே தலையைச் சிறிது அசைத்தனர். குதிரை அவ்வசைவைக் கண்டு தட்டுதலை நிறுத்தியது. ஓஸ்டன் ஏமாற்றுக்காரர் அல்லர், குதிரையும் மூடக்குதிரையன்று. ஆயினும் முடிபு போலி. விடையை முன்னரே அறிந்தவர் சோதனையை நடத்தினால், அவர் விருப்பமே விடையாகி வந்துவிடும் என்பது இதனால் விளங்கும்.

இப்பாடத்தைச் செயலிற் காட்டியவள் உங்களினும் இளைய மாணவி ஒருத்தி. அமெரிக்க நாட்டில், நோயாளியின் உடலைத் தொடாமல் மேலே கைகளை அசைத்து, உடலைச் சூழ்ந்துள்ள ஆற்றலைச் சீர்செய்து நோய் தீர்ப்பதாகக் கூறும் ஒரு முறை செவிலியரிடையே பரவியிருந்தது. அவ்வாற்றலைத் தம் கைகளால் உணர்வதாக அவர்கள் கூறினர். எமிலி ரோசா என்னும் ஒன்பது வயதுச் சிறுமி தன் பள்ளி அறிவியற் காட்சிக்காக இதனை ஆராயத் தொடங்கினாள். ஓர் அட்டைத் திரையில் இரு துளைகள் இட்டாள். அம்முறையில் தேர்ந்தவர் திரைக்கு அப்பால் அமர்ந்து, இரு கைகளையும் துளைகளின் வழியே நீட்டுவார். சிறுமி ஒரு நாணயத்தைச் சுண்டி, அது காட்டியபடி அவருடைய வலக்கைக்கு மேலோ இடக்கைக்கு மேலோ தன் கையைப் பிடிப்பாள். எந்தக் கையின்மேல் என்று அவர் கூறுதல் வேண்டும். 21 பேர் இச்சோதனைக்கு உடன்பட்டனர். 280 முறை வினவியதில் 123 முறையே சரியாகக் கூறினர், நூற்றுக்கு 44. கண்ணை மூடிக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொன்னாலும் ஏறத்தாழ 140 முறை சரியாக அமைந்திருக்கும் அன்றோ? 1998-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் இவ்வாய்வு வெளிவந்தபோது எமிலிக்கு வயது பதினொன்று.

அச்சிறுமியிடம் பட்டம் இல்லை. விலையுயர்ந்த கருவியும் இல்லை. ஓர் அட்டையும் ஒரு நாணயமும் நல்ல வினா ஒன்றும் இருந்தன. அவள் எவரையும் இழித்துரைக்கவும் இல்லை. "நீங்கள் கூறுவது உண்மையாயின் இது நிகழ்தல் வேண்டும், நிகழ்கின்றதா எனப் பார்ப்போம்" என்பதே அவள் செய்தது. மாணவர்களே, நாம் தேடிய உரைகல் இதுவே. ஒரு கூற்றுப் பொய்யாயின், அது பொய்யென்று எவ்வாறு வெளிப்படும் என்று முன்கூட்டியே கேட்டு, அதற்குத் தக்க சோதனையை அமைத்தல். எந்நிலையிலும் தோற்க வழியில்லாத கூற்று, வென்ற கூற்று ஆகாது. அது போட்டிக்கே வாராத கூற்று.

இவ்வுரைகல் பேரறிஞர்க்கும் பொது. 1903-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு நான்சி நகரத்துப் பேராசிரியர் ரெனே பிளாண்லோ என்பவர் புதிய கதிர் ஒன்றைக் கண்டதாக அறிவித்து, தம் ஊர்ப் பெயரின் முதலெழுத்தால் அதனை 'என்-கதிர்' என அழைத்தார். அந்நாட்டு அறிஞர் பலர் தாமும் கண்டதாக எழுதினர். 1904-ஆம் ஆண்டில் ராபர்ட் வுட் என்னும் அமெரிக்க இயற்பியலறிஞர் அவ்வாய்வுக்கூடத்திற்குச் சென்றார். இருட்டறையில் ஒருவரும் அறியாதவாறு, கதிரைப் பிரிக்கும் முப்பட்டகத்தைக் கருவியினின்றும் எடுத்துவிட்டார். முப்பட்டகம் இன்றியும் பிளாண்லோ முன்போலவே அளவுகளைக் கூறிக்கொண்டிருந்தார். காண விரும்பியதையே அவர் கண்டார். என்-கதிர் அத்தோடு மறைந்தது. அறிவியலறிஞர் தவறுவதில்லை என்பது அறிவியலின் பெருமையன்று. தவறு எவருடையதாயினும் வெளிப்படுத்தும் முறை அதனிடம் உண்டு என்பதே அதன் பெருமை.

பழமையானவை யாவும் போலியென்று இதனாற் கொள்ளற்க. சீன நாட்டு அறிஞர் து யூயூ என்னும் அம்மையார் மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து தேடியபோது, பழைய மருத்துவ நூல்களை ஆராய்ந்தார். ஒருவகைப் பூண்டினை நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாறு பருக வேண்டும் என்று 4-ஆம் நூற்றாண்டு நூலொன்றிற் கண்டார். காய்ச்சினால் மருந்தின் ஆற்றல் கெடும் போலும் என்று உய்த்துணர்ந்து, குறைந்த வெப்பத்தில் அதனைப் பிரித்தெடுத்தார். விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். தாமே உட்கொண்டு பார்த்தார். நோயாளிகளுக்குக் கொடுத்து விளைவைக் கணக்கிட்டார். அம்மருந்து இலட்சக்கணக்கான உயிர்களைக் காத்தது. 2015-ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசும் கிடைத்தது. பழைய நூல் குறிப்பைத் தந்தது, சோதனை மெய்ப்பித்தது. நம் நாட்டிலும் பாம்புகளைப் பற்றி இருளர் பெருமக்கள் வழிவழியாகப் பெற்ற அறிவு மெய்யறிவே. மாமல்லபுரத்திற்கு அணித்தாகிய வடநெம்மேலியில், 1978-ஆம் ஆண்டில் தோன்றிய அவர்தம் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சு நஞ்சுமுறி மருந்து செய்யப் பயன்படுகின்றது. பழமை ஒன்றனை மெய்யாக்குவதும் இல்லை, பொய்யாக்குவதும் இல்லை.

இனி, போலியை ஐயுறுதற்கு உரிய அடையாளங்கள் சிலவற்றைத் தொகுத்துக் கூறுவோம். ஒன்றே மருந்தாக எல்லா நோயும் தீரும் என்பது முதல் அடையாளம். பயனடைந்தோர் கதைகளை அடுக்கி, பயனடையாதோர் தொகையைக் கூறாமை இரண்டாவது. அறிவியற் சொற்களை அவற்றின் பொருள் விளங்காதவாறு வழங்குதல் மூன்றாவது. சோதிக்க வந்தவரைப் பகைவர் என்றும், நம்பாதவர் அருகில் இருந்தாற் பயன் விளையாது என்றும் கூறுதல் நான்காவது. பிழை காட்டப்பட்ட பின்னும் ஆண்டுகள் பல கழிந்தும் ஒரு சொல்லும் மாறாமை ஐந்தாவது. இவற்றுள் ஒன்று காணப்பட்ட அளவிலே ஒரு கூற்றைப் பொய்யெனத் தள்ளுதல் வேண்டா. உரைகல்லை எடுக்க வேண்டிய இடம் இஃது என்று மட்டும் அறிதல் வேண்டும்.

அறிதல் ஒருபுறம் இருக்க, போலியை எதிர்த்தற்கும் ஒரு முறை உண்டு. வகுப்பில் ஒரு மாணவன் தன் வீட்டிற் கேட்டதைக் கூறும்போது, நகைப்பினால் அவன் வாயை அடைத்தல் எளிது. அவன் வாய் அடைபடும், நம்பிக்கை அடைபடாது. தன் பாட்டியை இகழ்ந்தவர் பக்கம் எவன் சாய்வான்? ஆதலின், கண்டதையும் அதற்குக் கூறிய காரணத்தையும் முதலிற் பிரித்தல் வேண்டும். கண்டதை ஒப்புக்கொண்டு, காரணத்தை வினவுதல் வேண்டும். "இதனை நாம் எவ்வாறு சோதிக்கலாம்?" என்று அவனையும் துணைக்கு அழைத்தல் வேண்டும். சோதனையின் முடிபு நம் கருத்துக்கு மாறாக வரினும் ஏற்றுக்கொள்ளும் நேர்மை நம்மிடத்தும் இருத்தல் வேண்டும். மேலே கூறிய மாணவன் வீட்டிற்குச் சென்று, "பாட்டி, நீங்கள் செய்தது தவறு" என்று கூறாது, "பாட்டி, இன்றைக்கும் உலக்கையை நிறுத்திப் பார்ப்போமா?" என்று கேட்பானாயின், அம்மூதாட்டியார் தம் கையாலேயே நிறுத்திப் பார்ப்பார். தாமே கண்ட உண்மையை எவரும் எளிதில் மறுப்பதில்லை. உயிருக்கு இடர் நேரும் இடத்தில் மட்டும் காலம் தாழ்த்தலாகாது. பாம்பு கடித்தவரை வைத்துக்கொண்டு வாதம் புரிதல் கூடாது. மருத்துவமனைக்குக் கொண்டு சென்ற பின்னர் வாதத்தை வைத்துக்கொள்ளலாம்.

இது நம் விருப்பத்திற்கு விடப்பட்ட பண்பு மட்டுமன்று. 1976-ஆம் ஆண்டில் நிறைவேறிய 42-ஆம் திருத்தத்தின் வாயிலாக, குடிமக்களின் அடிப்படைக் கடமைகள் இந்திய அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்டன. அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் ஆராய்ந்தறியும் ஊக்கத்தையும் சீர்திருத்த உணர்வையும் வளர்த்தல் அக்கடமைகளுள் ஒன்று. அறிவியல் மனப்பான்மையோடு மனிதநேயத்தையும் சேர்த்து ஒரே தொடரில் வைத்திருப்பது கருதத்தக்கது. வினா கூர்மையாயிருக்கட்டும்; வினவும் குரல் மென்மையாயிருக்கட்டும்.

மாணவர்களே! நாளும் நும் செவியில் விழும் செய்திகள் எண்ணற்றவை. கைப்பேசி வாயிலாக அவை நொடிப்பொழுதில் ஊரெல்லாம் பரவுகின்றன. ஒரு செய்தி நும் கைக்கு வந்தவுடன் அடுத்தவர் கைக்குத் தள்ளிவிடாதீர்கள். சற்றே நின்று, "இதற்குச் சான்று யாது? தோற்ற கணக்கு எங்கே? பொய்யாயின் எவ்வாறு தெரியும்?" என்று மூன்று வினாக்களைக் கேளுங்கள். அம்மூன்றுக்கும் விடை கிடைத்தபின் பிறர்க்குக் கூறுங்கள். பொற்கொல்லன் உரைகல்லைப் பெட்டியிற் பூட்டி வைப்பதில்லை. கைக்கெட்டும் இடத்திலேயே வைத்திருக்கின்றான். நீங்களும் அவ்வாறே வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. அறியாமை, பிழை, போலி அறிவியல் ஆகிய மூன்றிற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
2. பக்கம், ஏது, திட்டாந்தம் என்பவை யாவை? 'கிரகணத்தில் ஈர்ப்பு விசை மாறுதலால் உலக்கை நிற்கிறது' என்னும் கூற்றில் ஏது போலியாதல் எவ்வாறு?
3. மந்திரிப்பவரின் புகழ் வளர்வதற்குரிய காரணத்தைக் கணக்கின் வாயிலாக நிறுவுக.
4. குதிரை ஹான்ஸின் சோதனைக்கும் எமிலி ரோசாவின் சோதனைக்கும் பொதுவாய் அமைந்த நெறி யாது?
5. உங்கள் ஊரில் வழங்கும் கூற்று ஒன்றனை எடுத்துக்கொள்க. அது பொய்யாயின் எவ்வாறு வெளிப்படும் என்று சிந்தித்து, அதற்குரிய எளிய சோதனை ஒன்றை வகுத்து எழுதுக.